சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் போட்டி

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தில் தொடங்கி, டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டில் முடியும் ஆழ்கடல் பந்தயம். தூரம் 628 கடல் மைல். ஏறத்தாழ 1,160 கிலோமீட்டர்.

1945இல் பீட்டர் லூக் என்பவரும் நண்பர்களும் ஹோபார்ட்டுக்கு உல்லாசப் பயணம் போகத்தான் திட்டமிட்டார்கள். அதைப் பந்தயமாக்கலாமே என்றவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் இல்லிங்வொர்த். புறப்பட்டவை 9 படகுகள். அவருடைய ‘ராணி’யே முதலில் கரைசேர்ந்தது.

வழியின் கடினமான பகுதி பாஸ் நீரிணை. அங்கே கடல் ஆழம் குறைவு. அதனால் அலைகள் செங்குத்தாக எழும். தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்காற்று வீசினால், படகு அலையின் உச்சியிலிருந்து தொப்பென்று பள்ளத்தில் விழும். 1998 புயலில் 115 படகுகளில் 44 மட்டுமே ஹோபார்ட்டை எட்டின. 5 மூழ்கின, 6 பேர் இறந்தனர், 55 பேர் மீட்கப்பட்டனர். அதன்பின் நீரிணைக்குள் நுழையுமுன், கிரீன் கேப் அருகே, படகும் ஆட்களும் நலம் என ஒவ்வொரு படகும் வானொலியில் உறுதிசெய்தாக வேண்டும். உயிர்களைக் கொடுத்துப் பெற்ற விதி இது.

முதலில் வருவதற்குத் தனிப் பெருமை உண்டு. ஆனால் டாட்டர்சால் கோப்பை, படகின் திறனுக்கேற்பத் திருத்திய நேரத்தில் வெல்பவருக்கே. இதனால் சிறிய படகும் கோப்பையைத் தட்டிச்செல்லலாம். 2017இல் ‘கோமான்ச்சி’ 1 நாள் 9 மணி 15 நிமிடம் 24 விநாடியில் சாதனை படைத்தது. கடைசிக் கட்டமான டெர்வென்ட் ஆற்றில் இரவில் காற்று அடங்கிவிடுவதுண்டு. ஊர் விளக்குகள் கண்ணெதிரே தெரிய, பாய்கள் தொங்கிப்போய்ப் படகுகள் அசையாமல் நிற்கும்.