பறை பழகும் தோழர்களுக்கு: அடியும் வேண்டும், ஆட்டமும் வேண்டும்

தூத்துக்குடிப் பக்கம் பறை பழக வரும் மாணவர்களிடம் இரண்டு குறைகளைக் கேட்கலாம். “ஒரே அடியை எத்தனை நாள் அடிப்பது, சலிக்கிறது” என்பது ஒன்று. “கொண்டாடத்தானே வந்தோம், கணக்கெல்லாம் எதற்கு” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் பறையின் வரலாற்றில் இருக்கிறது.

தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் தெய்வம், உணவோடு பறையையும் சேர்க்கிறது. கொற்கை முத்து விளைந்த நம் நெய்தல் நிலத்துக்கு மீன்கோட்பறை உண்டு. புறநானூறு 194ஆம் பாட்டிலோ சாவு வீட்டுப் பறைக்கே நெய்தல் என்று பெயர். அங்கே இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கிறது. வாழ்வு முழுவதற்கும் ஒலித்த தோல்கருவியை, சாதி பின்னாளில் ஒரு மக்களின் தலையில் கட்டாய வேலையாகக் கட்டியது.

நம் தாத்தாக்கள் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்யவில்லை. அப்பாவின் பக்கத்தில் நின்று, துக்க வீட்டிலேயே கற்றார்கள். தாளம் தவறாத கை இருந்தது. “இன்று வரமாட்டேன்” என்று சொல்லும் உரிமைதான் இல்லை. அதனால்தான் பல ஊர்களில் இளைஞர்கள் சாப்பறை அடிக்க மறுத்தார்கள். அந்த மறுப்பு நியாயமானது.

இன்னொரு பக்கம், பறையை மீட்டவர்களும் நம்மவர்களே. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக் குழுவில் தலித் பெண்கள் அதைத் தோளில் மாட்டினார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆகவே தோழர்களே, பறை அடித்து மகிழ்வது போராடிப் பெற்ற உரிமை. அதை விட்டுவிட்டு வெறும் பயிற்சியாக்கினால், பழைய கட்டாய வேலையின் சாயல் திரும்ப வந்துவிடும். பயிற்சியை விட்டாலோ, “பறை வெறும் இரைச்சல்” என்று சொன்னவர்களின் வாய்க்கு நாமே அவல் போடுகிறோம்.

வழி ஒன்று உண்டு. உப்புக்காற்றில் தோல் தொய்யும். முதலில் தீயில் காய்ச்சுங்கள். ஒரே ஓர் அடியை மெதுவாக, வலக்கை இடக்கைக் குச்சிகளின் ஒலி தனித்தனியாகக் கேட்கும்வரை அடியுங்கள். பிறகு அன்றைக்கே அந்த ஓர் அடியோடு வட்டத்தில் இறங்கி ஆடுங்கள். கால் போட்டதும் எங்கே கை தடுமாறுகிறதோ, நாளைய பயிற்சி அங்கே தொடங்கட்டும். பக்கத்து ஊரில் பறை அடித்த பெரியவர் இருந்தால், அவரையும் வட்டத்துக்கு அழையுங்கள். அவர் விரும்பி வந்தால் மட்டும்.