பெஞ்சியில் யார் உட்காரலாம்?

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் ஞாபகம் வரும். ஊர் வாரியத்தில் உட்காரக் கால் வேலி நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும் என்கிறது பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921). அதை மெச்சுகிற நாம், பக்கத்துக் காஞ்சிபுரத்தில் 1839-இல் திறந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை அவ்வளவாக நினைப்பதில்லை.

திறந்தவர் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1837-இல் சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கியவர். அவர் கொடுக்க விரும்பியது கிறிஸ்து மார்க்கம். பிள்ளைகளை அனுப்பியவர்கள் வாங்க விரும்பியது கும்பினி உத்தியோகம். இரண்டுக்கும் நடுவே நின்றது இங்கிலீஷ். நல்ல வியாபாரந்தான்!

1838-இல் வந்தது வினை. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் சிலரும் சென்னைப் பள்ளியில் படிப்பது தெரிந்துவிட்டது. அவர்களை வெளியேற்றச் சொன்னார்கள் மேல் ஜாதிப் பெற்றோர். ஆண்டர்சன் மறுத்தார். பிள்ளைகள் பலர் நின்றார்கள். மனிதர் அசையவில்லை. காஞ்சியில் கிளை திறந்தது அதற்கு மறு வருஷம்.

மதம் மாற்ற வந்தவர்தானே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பெஞ்சியில் உட்கார அவர் நிலமும் கேட்கவில்லை, குலமும் கேட்கவில்லை. 1855-இல் சென்னையிலேயே காலமானார். காஞ்சியில் இன்றும் அவர் பெயரில் ஒரு பள்ளி நடக்கிறது.