பழனி மலையில் போதை: பழி யாருக்கு?

கொடைக்கானலிலிருந்து வில்பட்டியைக் கடந்து கீழிறங்கும் பாதையில் பேத்துப்பாறை என்னும் சிற்றூர் இருக்கிறது. காப்பியும் மலைவாழையும் வெண்ணெய்ப்பழமும் விளையும் மண் அது. இரவில் யானை இறங்கிவிட்டால் தோட்டக்காரர்களுக்கு விடியும்வரை உறக்கமில்லை. அண்மை ஆண்டுகளில் இவ்வட்டாரத்தில் தங்கும் விடுதிகளும் கூடாரங்களும் பெருகிவிட்டன. அவற்றை நாடி வருவோரில் பெரும் பகுதியினர் இளைஞர்கள். மலையின் அழகைக் காண வருவோரே அவர்களுள் மிகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆயினும் கஞ்சாவையும் மழைக்காலத்தில் சாணத்தின்மீது முளைக்கும் போதைக் காளானையும் தேடி இம்மலைக்கு வருவோர் உண்டு. அவற்றை அவர்கள் கையில் சேர்க்கும் உள்ளூர்ப் பையன்களும் உண்டு.

2020 பிப்ரவரியில் மேல்மலையிலுள்ள குண்டுப்பட்டியில் நடந்த இரவுக் கேளிக்கையில் இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் காவல்துறையிடம் பிடிபட்டார்கள். வெளியூர்களிலிருந்து வந்த அவர்களுள் மிகப் பலர் எச்சரிக்கையோடு வீடு திரும்பினார்கள். "போதை பெருகினால் குற்றம் பெருகும், மலை கெட்டுவிட்டது" என்ற பேச்சு அப்போது எங்கும் எழுந்தது. போதைக்கும் குற்றத்துக்கும் உறவு உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த உறவு எவ்விடத்தில் இருக்கிறது என்பதில்தான் வரலாறு நெடுகப் பிழை நேர்ந்து வந்திருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கஞ்சா குற்றப் பொருளாக இருக்கவில்லை. அது வருவாய்ப் பொருள். உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்பட்டது. சர்க்கார் வரி வாங்கியது. கஞ்சாவினால் இந்தியாவின் மனநோய் விடுதிகள் நிரம்பி வழிகின்றன என்ற குரல் இங்கிலாந்தில் எழுந்து, 1893-இல் கெய்ன் என்னும் உறுப்பினர் பாராளுமன்றத்தில் வினவியதன் பேரில், மாக்வொர்த் யங் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எழுவர் அடங்கிய அக்குழுவில் இந்தியர் மூவர். சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதிலும் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-இல் அது தன் அறிக்கையை அளித்தது.

அவ்வறிக்கையில் நம்மை வியக்க வைப்பது மனநோய் விடுதிப் பதிவேடுகளைக் குழுவினர் ஆராய்ந்த முறைதான். நோயாளி சேர்க்கப்படும்போது 'நோயின் காரணம்' என்றொரு கட்டம் நிரப்பப்பட வேண்டும். அழைத்து வந்த காவலரோ எழுதும் குமாஸ்தாவோ காரணம் அறியாதபோது 'கஞ்சா' என்று எழுதிவிடுவது வழக்கமாக இருந்திருக்கிறது. ஏழைப் பரதேசி ஒருவனின் மடியில் சிறு பொட்டலம் இருந்தால் போதும், காரணம் கிடைத்துவிடும். 1892-ஆம் ஆண்டில் கஞ்சாவின் பேரில் எழுதப்பட்ட நோயாளிகளை ஒவ்வொருவராக மறு விசாரணை செய்தபோது, பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் நிலைக்கவில்லை. கொலைவெறி பற்றிய கதைகளுக்கும் இதே கதி நேர்ந்தது. சாட்சிகள் சொன்ன சம்பவங்களின் நீதிமன்ற ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது, கஞ்சாவோடு உறவு காட்டக் கூடியவை மிகச் சிலவே. பொதுவான குற்றங்களுக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பு அற்பமானது என்று குழு முடிவு கூறிற்று.

வருவாயை இழக்க மனமில்லாத சர்க்காரின் குழு வேறென்ன சொல்லும் என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. எனினும் பதிவேட்டுக் கட்டத்தை அவர்கள் ஆராய்ந்த நேர்மையை நாம் மறுப்பதற்கில்லை.

போதையையும் கொலையையும் முடிச்சுப் போட்ட இன்னொரு கதை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. ஆங்கிலத்தில் கொலையாளியைக் குறிக்கும் 'அஸாஸின்' என்ற சொல் 'ஹஷீஷ்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததென்பர். 1090-இல் அலமூத் கோட்டையைக் கைப்பற்றிய இஸ்மாயீலித் தலைவர் ஹஸன் ஸப்பாஹ், இளைஞர்களை மயக்கமூட்டிச் சோலையில் இருத்தி, சுவர்க்கம் இதுவே என்று நம்பவைத்துக் கொலைக்கு ஏவினார் என்பது கதை. அக்கோட்டை 1256-இல் மங்கோலியரிடம் வீழ்ந்த பின்னரே மார்க்கோ போலோ இதை எழுதினார். அவர் கூறியதும் ஒரு மயக்கப் பானமே தவிர ஹஷீஷ் அன்று. ஹஷீஷை இக்கதையோடு பிணைத்தவர் 1809-இல் பாரிஸில் உரையாற்றிய ஸில்வெஸ்தர் த ஸாஸி என்னும் அறிஞர். அச்சொல் எதிரிகள் சூட்டிய வசைப் பெயரே என்பதையும், இஸ்மாயீலிகள் ஹஷீஷ் உண்டதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதையும் ஃபர்ஹாத் தஃப்தரி 1994-இல் விரிவாக எழுதினார். இதனால் முஸ்லிம் உலகில் ஹஷீஷ் இருந்ததே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. இப்னு தைமிய்யாவும் இமாம் ஸர்கஷீயும் அதைக் கண்டித்து எழுத நேர்ந்ததே அது பரவியிருந்ததற்குச் சான்று. வியப்பு என்னவெனில், 1937-இல் அமெரிக்காவில் கஞ்சாவைத் தடுக்கச் சட்டம் கோரிய ஹாரி ஆன்ஸ்லிங்கர் என்னும் அதிகாரி, அந்நாட்டுச் சட்டமன்றக் குழுவின் முன் இந்தப் பாரசீகக் கதையைத்தான் எடுத்து வைத்தார்!

காளானின் கதை வேறு. மெக்ஸிகோவின் மஸாடெக் மலைமக்களிடையே அது நோய் தீர்க்கும் சடங்குக்கு உரியதாக இருந்தது. 1957-இல் வாஸன் என்னும் அமெரிக்கர் அதைப் பற்றி 'லைஃப்' இதழில் எழுதினார். மறு ஆண்டே ஆல்பர்ட் ஹோஃப்மன் அதன் சாரமாகிய ஸைலோஸைபினைப் பிரித்தெடுத்தார். பின்னர் மேல்நாட்டு இளைஞர்கள் அம்மலைக்குத் திரண்டு வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து காவலர் வந்தனர். வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். வாஸனுக்குச் சடங்கைக் காட்டிய மரியா ஸபினா என்ற மூதாட்டியின் வீடோ தீக்கிரையாயிற்று. ஊராரின் பழியும் அவர்மீதே விழுந்தது. பழனி மலைக்காரர்களுக்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

நம் நாட்டில் 1985 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா, ஸைலோஸைபின் இரண்டையும் தடைக்குள் கொண்டு வந்தது. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்திலேயே போதைச் செடிகளுக்கும் இடம் இருந்தது.

1894-ஆம் ஆண்டு அறிக்கையைக் காட்டி, "கஞ்சாவினால் கேடில்லை என்று ஆங்கிலேயனே சொல்லிவிட்டான்" என்று வாதிடும் வாலிபர்களை நாம் சந்தித்திருக்கிறோம். அக்குழு பெரும்பாலும் ஆராய்ந்தது வளர்ந்தவர்களின் அளவான பழக்கத்தை. பதினைந்து வயதுப் பையனின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இருபத்தைந்து வயதுவரையும் அவ்வளர்ச்சி நீள்கிறது என்பது இன்றைய மருத்துவம். இளமையில் கஞ்சாவை மிகுதியாகப் பயன்படுத்தியோர்க்கு மனச்சிதைவு நேரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஸ்வீடன் நாட்டுப் படைச் சேர்ப்பு ஆவணங்களைக் கொண்டு 1987-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பின்னர் வந்த பல ஆய்வுகளும் அதையே வலியுறுத்தின.

சிறுவர்களை வளைப்பது கஞ்சா மட்டும் அன்று. 2019-இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, பசை, தின்னர் முதலியவற்றை முகர்ந்து போதை கொள்வோர் பெரியவர்களில் நூற்றுக்கு 0.58, பத்து முதல் பதினேழு வயதினரிலோ 1.17. பெரியவர்களைவிடச் சிறுவர்கள் மிகுந்திருந்தது இந்த ஒரு வகையில்தான். கடையில் வெளிப்படையாக, மலிவாகக் கிடைப்பதைத்தான் சிறுவன் எடுக்கிறான்.

குற்றம் நுழையும் வாசலும் இங்கேதான் இருக்கிறது. மயக்கத்தில் கத்தியெடுப்பவனைவிட, பொட்டலத்துக்குக் காசில்லாமல் முதலில் வீட்டிலும் பிறகு வெளியிலும் திருடுபவனே மிகுதி. கடன் ஏறிய பிறகு, "நீயே நாலு பேருக்குக் கொடுத்து வா, உன் பங்கு இலவசம்" என்பார்கள் மேலேயுள்ளவர்கள். நுகர்ந்தவன் அன்றே விற்பவனாகிறான். பையன் பிடிபட்டால் தண்டனை குறைவு என்பதையும் அவர்கள் அறிவார்கள். இதை உணர்ந்தே 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 78-ஆம் பிரிவில், சிறுவரைப் போதைப்பொருள் விற்கவோ கடத்தவோ ஏவுவோருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்திருக்கிறது. பையனின் பெயரோடு முடிந்துவிடும் வழக்கில் இந்தப் பிரிவுக்கு வேலையில்லை.

1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 64-ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறிதளவு வைத்திருந்த அடிமை, தானாகவே முன்வந்து அரசாங்க மருத்துவமனையிலோ அரசு ஏற்றுக்கொண்ட நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விடுபடலாம். குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கியபோது இச்சட்டமே பிறந்திருக்கவில்லை. இன்று மதுரையிலும் மறுவாழ்வு இல்லங்கள் இருக்கின்றன. பேத்துப்பாறையில் காலையில் பஸ் ஏறினால் மதுரை போய்ச் சேர நண்பகல் தாண்டிவிடும். கூலி வேலைக்குப் போகும் தாய் ஒருத்தி மகனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பஸ்ஸில் ஏற வேண்டுமானால், 64-ஏ என்று ஒன்று இருப்பதை அவளிடம் முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.