பன்னீராண்டுக் காத்திருப்பு

மலையும் மலை சார்ந்த நிலமும் நம் முன்னோரால் குறிஞ்சி எனப்பட்டன. அப்பெயரைத் தந்தது ஒரு சிறு புதர்ச்செடி. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1300 முதல் 2400 மீட்டர் உயரத்தில், சோலைகளை அடுத்த புல்வெளிகளில் வளரும் நீலக்குறிஞ்சி பெரும்பாலும் முழங்கால் அளவே உயரும். பல ஆண்டுகள் இலையும் தண்டுமாய் அமைதி காத்து, பன்னிரண்டாம் ஆண்டில் சரிவெங்கும் ஒருசேர மலரும். தேனீக்களுக்கு விருந்தளித்து, விதை முற்றியதும் மடிந்துபோகும். தன் வாழ்நாளில் அது பூப்பது ஒரே முறை.

பழநி மலைப் பளியர் இப்பூப்பைக் கொண்டே தம் வயதைக் கணக்கிட்டனர். 1838 முதல் அது ஏட்டிலும் இடம்பெற்றது. செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையினர் தொடங்கிய திருஇருதயக் கல்லூரி, குருமாணவரின் இல்லமாக மட்டுமன்றி, மலைச் செடிகொடிகளைத் தொகுத்துக் காக்கும் இடமாகவும் விளங்கியது. அங்கு வாழ்ந்த லூயி ஆங்லாட் அடிகளார் அவற்றை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். பின்னர் கே.எம். மத்தேயு அடிகளார் பழநி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டார். 2004-இல் மறைந்த அவர், 2006-இன் பூப்பைக் காணவில்லை. ஆயினும் அவர் விட்டுச்சென்ற பதிவு பின்வந்தோர்க்குப் பயன்பட்டது. குறிஞ்சியின் வரலாறு ஒரு தலைமுறை மறு தலைமுறைக்குக் கையளித்த கணக்கே அன்றோ!

அக்கணக்குக்கு இடையூறு செய்தவரும் மனிதரே. புல்வெளியைப் பயனற்ற வெற்றிடமென எண்ணி, தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழுக்காகவும் வாட்டிலும் தைலமரமும் நட்டனர். அவற்றின் நிழலில் புல் மாய்ந்தது. வெயிலை நாடும் குறிஞ்சியும் மறைந்தது. பூக்குமுன் அழிக்கப்படும் செடி விதை விடுவதில்லை. இழந்ததை மறு ஆண்டிலேயே ஈடுசெய்யவும் அதனால் இயலாது. இதனையுணர்ந்த கேரள அரசு 2006-இல் இடுக்கி மாவட்டத்தில் 32 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது.

2018-இல் பூத்த சரிவுகள் மீண்டும் பூக்க வேண்டிய ஆண்டு 2030. மடிந்து பலன் தரும் விதையைப் பற்றி நற்செய்தியில் கேட்டு வளர்ந்தவர் நாம். மடிவது செடியின் கடமை. அது முளைப்பதற்கு மண்ணை விட்டுவைப்பது நம் கடமை. அன்று மலையேறும் நம் பிள்ளைகள் எதைக் காண்பர் என்பது, இன்று நாம் எதைக் காக்கின்றோம் என்பதைப் பொறுத்ததே.