தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டவர்கள்

திங்கட்கிழமைதோறும் வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின்முன் மக்கள் மனுக்களோடு காத்திருப்பர். பட்டா, குடிநீர், சுடுகாட்டுப் பாதை என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். ஒரே தெருவினர்கூடத் தனித்தனியே வருவதுண்டு. அவ்வரிசையைக் காணும்போதெல்லாம் பம்பாயில் வாழ்ந்த தச்சர் ஒருவரின் நினைவு எனக்கு எழும்.

ஜாக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1963-இல் பம்பாய் சென்றவர், மான்கூர்ட் பகுதியிலிருந்த ஜனதா காலனியில் பல ஆண்டுகள் தெருவிலேயே உறங்கினார். நகரின் பிற இடங்களிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை அரசே கொண்டுவந்து விட்ட இடம் அது. குப்பை அள்ள எவரும் வருவதில்லை. ஒருநாள் அவர் அங்குள்ள சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்கொரு சுமை குப்பையைச் சுமக்கச் செய்து, மாநகராட்சி அலுவலக வாயிலில் கொட்டச் செய்தார். குறும்புதான், ஆயினும் அதுவரை அப்பக்கம் எட்டிப் பாராத அதிகாரிகள் பேச வந்தார்கள்.

பின்னர், அருகிலிருந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்திற்கு அந்நிலம் தேவைப்பட்டது. மக்கள் நீதிமன்றம் சென்றனர், தில்லிவரை முறையிட்டனர். 1974-இல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு தோன்றியது. இருந்தும், நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், காவல்துறையின் துணையோடு குடியிருப்பு தரைமட்டமாக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் டிராம்பேயை அடுத்த சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டனர். இதை வெற்றிக்கதையாகச் சொல்வோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். அது தோல்விதான். வீடு போயிற்று, ஆனால் கூடி நிற்கப் பழகியவர்கள் சிதறவில்லை.

அடுத்த கட்டம் பைகுல்லா நடைபாதைகளில் தொடங்கியது. 1985-இல் ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனம் அங்கிருந்த சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. எங்கிருந்து வந்தனர், என்ன தொழில், எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கின்றனர் என்பனவெல்லாம் முதன்முறையாக ஏட்டில் ஏறின. பலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்நகருக்கு உழைத்தவர்கள். இடிக்க வருபவனிடம் காட்ட ஒரு கணக்கு கிடைத்தது. அற்புதம் அவர்களோடு இணைந்தார். தங்களைத் தாங்களே கணக்கெடுப்பது அதன்பின் அவர்கள் இயக்கத்தின் வழக்கமாயிற்று.

அந்நடைபாதைப் பெண்கள் 1986-இல் மகிளா மிலன் என்ற அமைப்பைக் கண்டனர். நாள்தோறும் சிறுசேமிப்பு. தொகை பெரிதன்று, வட்டிக்கடைக்காரனைத் தவிர்க்க உதவும் அளவுதான். என் எண்ணத்தில் பணத்தைவிடப் பெரியது அந்த நடை. நம் ஊர்ச் சீட்டு நடத்தும் பெண்களுக்கு இது விளக்க வேண்டாத உண்மை.

அற்புதத்திற்கு 2000-இல் மகசாசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் வந்தன, 2018-இல் காலமானார். சேமிப்பு திரட்டும் பெண்களோ குடிசைக்குக் குடிசை சென்றுகொண்டிருந்தனர். கொடுக்கக் காசில்லாத வீட்டையும் அவர்கள் தாண்டிப் போகவில்லை. யாருக்குக் காய்ச்சல், யார் நேற்று வேலைக்குப் போகவில்லை என்று கேட்டுவிட்டே நகர்ந்தார்கள்.