1968-ஆம் ஆண்டின் டிரைவர்

தமிழாசிரியனுக்கும் தாய்ப்பலகைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வியக்கலாம். சென்ற பருவத்தில் ஆய்வு மாணவி ஒருவர் தம் பழைய மடிக்கணினியுடன் வந்தார். திருவண்ணாமலைக் கடையொன்றில் விண்டோஸை மீண்டும் நிறுவியிருந்தார்கள். அதன்பின் சிப்செட் டிரைவரின் தேதியைப் பார்த்து அவர் அஞ்சிவிட்டார். 18 ஜூலை 1968! "ஐயா, எங்கப்பா பிறப்பதற்கு முந்தைய தேதி இது" என்றார். டிரைவர்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள் ஒன்று பணம் கேட்டது. ஆய்வேடு முழுதும் அக்கணினிக்குள். பணம் கட்டுவதா, வேண்டாமா?

இதற்கு விடைகாணச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். 1981-இல் ஐபிஎம் வெளியிட்ட தனிக்கணினியின் பலகையில், நினைவகத்தையும் விசைப்பலகையையும் வட்டையும் செயலியோடு இணைக்கப் பல பத்துச் சிறு சில்லுகள் இருந்தன. 1980-களின் நடுவில் சிப்ஸ் அண்ட் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் அவ்வேலைகளைச் சில சில்லுகளுக்குள் தொகுத்தது. அத்தொகுதியே சிப்செட். பின்னர் அது வடபாலம், தென்பாலம் என இரண்டாயிற்று. வடபாலம் நினைவகத்தையும் தென்பாலம் வட்டு, யுஎஸ்பி முதலியவற்றையும் கவனித்தன. 2003-இல் ஏஎம்டியும் 2008-இல் இன்டெல்லும் நினைவகக் கட்டுப்பாட்டைச் செயலிக்குள்ளேயே கொண்டுசென்றன. வடபாலம் மெல்ல மறைந்தது.

டிரைவர் செய்வது என்ன? ஒவ்வொரு சாதனமும் தன் எண்ணைச் சொல்லும். இன்டெல்லின் அடையாள எண் 8086. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரே அது. இன்டெல்லின் சிப்செட் தொகுப்பில் பெரும்பாலும் இருப்பவை இந்த எண்ணுக்கு இன்ன பெயர் என்று விண்டோஸுக்கு அறிவிக்கும் சிறு உரைக்கோப்புகளே. அவை சொற்பொருள் கூறும் நிகண்டு போன்றவை. வேலையைச் செய்வது விண்டோஸுக்குள் ஏற்கெனவே உள்ள டிரைவர். லினக்ஸில் இவ்வறிவு கருநிரலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் இடம்பெற்ற பாஸ் லினக்ஸும் இவ்வகையதே.

இனி அந்தத் தேதி. 18 ஜூலை 1968 இன்டெல் நிறுவப்பட்ட நாள். ஒரே சாதனத்திற்குச் சமமாகப் பொருந்தும் இரு டிரைவர்கள் இருந்தால், விண்டோஸ் பிந்தைய தேதியுடையதைத் தேர்ந்தெடுக்கும். வேறு டிரைவர் இருக்குமிடத்தில் தன் பெயர்க்கோப்பு முந்திக்கொள்ளலாகாது என்று கருதியே இன்டெல் இப்பழைய தேதியை இட்டது. பிழையன்று, வழிவிடும் பண்பு.

அண்ணாமலையார் கோயிலின் கல்வெட்டுகளைக் கண்ட நமக்கு இது புதிதன்று. பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது முந்தைய கல்வெட்டுகளைப் படியெடுத்து மீண்டும் பொறிக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. ஆட்சியாண்டு பழையது, எழுத்தமைதி பிந்தையது. கல்வெட்டறிஞர் ஆண்டை மட்டும் கொண்டு முடிவு கட்டுவதில்லை. டிரைவரிலும் தேதியை விட்டுப் பதிப்பெண்ணைப் பார்ப்பதே முறை.

ஆயினும் சிப்செட் டிரைவரே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2001-இல் வியா நிறுவனத்தின் ஒரு தென்பாலம் கொண்ட பலகைகளில், பெரிய கோப்புகளைப் படியெடுக்கையில் தரவு சிதைந்தது. வியா வெளியிட்ட திருத்தத்தை நிறுவாதவர்கள் கோப்புகளை இழக்க நேர்ந்தது. 2023-இல் வந்த ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ்3டி செயலியில் கூடுதல் இடைநினைவகம் ஒரு பாதிக்கு மட்டுமே உண்டு. விளையாட்டுகளை அப்பாதிக்கு அனுப்ப விண்டோஸுக்குத் துணைசெய்வது ஏஎம்டியின் சிப்செட் டிரைவர்.

ஆகவே முடிபு இது. விண்டோஸைப் புதிதாக நிறுவினால், சாதன மேலாளரில் மஞ்சள் குறியுடன் பெயரறியாச் சாதனங்கள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் கணினியையோ தாய்ப்பலகையையோ செய்தவரின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரை எடுத்து நிறுவுங்கள். அது இலவசம். ஏஎம்டி கணினியாயின் குறி இல்லாவிடினும் நிறுவுவது நன்று. இன்டெல் கணினி குறையின்றி ஓடுமாயின் பெயர்க்கோப்பைப் புதுப்பிக்க அலைய வேண்டியதில்லை. காசு கேட்கும் புதுப்பிப்பு மென்பொருள் எவருக்கும் தேவையில்லை.

மாணவியின் கணினியில் மஞ்சள் குறி ஒன்றுமில்லை. ஆய்வேட்டை மட்டும் பென் டிரைவில் படியெடுத்து வைத்தோம். 1968 அப்படியே இருக்கிறது.