பஞ்சத்தைத் தடுத்த இதழியல் பட்டினியை ஏன் தடுக்கவில்லை?

இதழியல் சமூகத்துக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் கொள்கை முழக்கங்களே விடையாக இருந்தன. பின்னர்ப் பொருளியலாளரும் சமூகவியலாளரும் அந்தப் பயனை அளந்து பார்க்க முற்பட்டனர். அவ்வாய்வுகளுள் சில இந்திய அனுபவத்திலிருந்தே பிறந்தவை. அவற்றைச் சேர்த்துப் படித்தால் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. செய்தித்தாள் உயிர் காக்கிறது என்பது முதலாவது. திடீர்ப் பேரிடரில் சிக்கியவரைக் காக்கும் அளவுக்கு, நாள்தோறும் நலிபவரை அது காப்பதில்லை என்பது இரண்டாவது. இந்தக் குறை செய்தியாளரின் இரக்கமின்மையால் வந்ததன்று. செய்தி உருவாகும் முறையிலேயே உள்ளது. ஆகவே அது திருத்தக்கூடியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வங்கம் தந்த பாடம்

1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மடிந்தனர் என்பது பொருளியலாளர் அமர்த்தியா சென்னின் கணக்கு. பஞ்ச நிவாரண விதிகள் நடைமுறையில் இருந்தும், காலனி அரசு பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் நிவாரணப் பொறுப்பை ஏற்க வேண்டியிருந்திருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டு 22 அன்று கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் அதன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் பட்டினியில் கிடந்தோரின் படங்களை வெளியிட்டார். அதன்பின் லண்டனும் டெல்லியும் பஞ்சத்தை மறுக்க முடியாத நிலை உருவானது. அக்டோபரில் வைசிராயாகப் பொறுப்பேற்ற வேவல் ராணுவத்தை நிவாரணப் பணியில் இறக்கினார்.

இதையும், விடுதலைக்குப் பின் இந்தியாவில் அத்தகைய பெரும் பஞ்சம் நேராததையும், 1958-61இல் சீனாவில் கோடிக்கணக்கானோர் மடிந்ததையும் சென் ஒப்பிட்டார். சீன அதிகாரிகள் விளைச்சலை மிகைப்படுத்தி மேலிடத்துக்கு எழுதினர். அதை மறுத்துரைக்கச் சுதந்திரமான செய்தித்தாள் அங்கே இல்லை. ஆட்சியாளரை உலுக்குவதோடு, அவர்களுக்கே உண்மை நிலையை உணர்த்துவதும் இதழியலின் பணி என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

அளந்து கண்டது

சென்னின் கருத்தைப் பொருளியலாளர்கள் டிமோத்தி பெஸ்லியும் ராபின் பர்ஜஸும் புள்ளிவிவரத்தால் சோதித்தனர். 1958 முதல் 1992 வரை 16 இந்திய மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்து 2002இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். உணவு உற்பத்தி 10 விழுக்காடு குறையும்போது, செய்தித்தாள் விற்பனை குறைந்த மாநிலங்களில் பொது விநியோக உணவு 1 விழுக்காடே கூடியது. விற்பனை மிகுந்த மாநிலங்களில் 2.28 விழுக்காடு கூடியது. மொழிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இந்த விளைவு ஆங்கில, இந்தி ஏடுகளால் வரவில்லை. பிற மாநில மொழி ஏடுகளால் வந்தது.

செல்வமும் நகரமயமும் மிகுந்த மாநிலத்தில் ஏடும் விற்கும், நிவாரணமும் கிடைக்கும். இதில் ஏட்டின் பங்கு என்ன என்று ஒருவர் கேட்கலாம். ஆய்வாளர்கள் வருமானம், நகரமயம் முதலியவற்றைத் தனியே கணக்கில் எடுத்த பின்னும் ஏட்டின் தொடர்பு நிலைத்தது. மொழிவாரி முடிவு இந்த ஐயத்தை மேலும் தளர்த்துகிறது. செல்வம் மட்டுமே காரணமென்றால் ஆங்கில ஏடுகளின் விற்பனையிலும் அதே தொடர்பு தெரிந்திருக்க வேண்டும். பாதிக்கப்படுவோரின் ஊரைப் பற்றி அவர்களுடைய மொழியிலேயே எழுதும் ஏட்டை, அவர்களின் வாக்கை நம்பியிருக்கும் ஆட்சி அலட்சியம் செய்ய முடிவதில்லை.

எட்டாத பட்டினி

ஆயினும் சென்னும் பொருளியலாளர் ழான் த்ரேஸும் 1989இல் மறுபக்கத்தையும் சுட்டினர். சீனாவைவிட இந்தியாவில் வழக்கமான இறப்பு விகிதம் உயர்ந்திருந்ததால், சீனப் பஞ்சம் கொன்ற அளவுக்கு இந்தியா ஏறத்தாழ எட்டாண்டுக்கு ஒருமுறை சத்தமின்றி உயிர்களை இழந்துவந்தது. சுதந்திர இதழ்கள் இருந்தும் இது நேர்ந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

காரணத்தை இதழியல் ஆய்வு விளக்குகிறது. எதெல்லாம் செய்தியாகிறது என்று 1965இல் ஆராய்ந்த யோஹான் கால்டுங்கும் மாரி ரூகேயும் கால அளவை முதலாவதாகக் குறிப்பிட்டனர். ஒரு நாளுக்குள் நடந்து முடிவது நாளேட்டுக்குப் பொருந்துகிறது. ஆண்டுக்கணக்கில் நீள்வது பொருந்துவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியையும் அந்நாட்டு அரசின் வெளிநாட்டு நிவாரணத்தையும் 2007இல் ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஐசென்சேயும் ஸ்ட்ரோம்பெர்கும் இதை எண்ணிக்கையில் காட்டினர். எரிமலை வெடித்து ஒருவர் இறந்தால் கிடைக்கும் செய்தி வாய்ப்பு, உணவுப் பற்றாக்குறையில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தால்தான் கிடைக்கிறது. ஒலிம்பிக் போட்டிகள் நடக்கும் நாட்களில் நேர்ந்த பேரிடருக்குச் செய்தியும் குறைந்தது, நிவாரணமும் குறைந்தது.

திருத்த முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்று உண்டு. இராமநாதபுரம், புதுக்கோட்டை, காளஹந்தி உள்ளிட்ட மிக ஏழ்மையான மாவட்டங்களில் தங்கி எழுதிய இதழாளர் பி. சாய்நாத், அக்கட்டுரைகளை 1996இல் நூலாக்கினார். வறுமையை ஒரு நாள் நிகழ்வாகக் கருதாமல் தொடரும் போக்காகக் கண்டு எழுத வேண்டும் என்பது அவர் வாதம். கடன், நிலம், தண்ணீர், பள்ளி, மருத்துவமனை ஆகியவை அவ்வெழுத்தில் ஒன்றோடொன்று இணைந்த காரணங்களாகத் தெரிந்தன.

இத்தகைய எழுத்துக்கு நிருபர் மாவட்டத்திலேயே இருக்க வேண்டும். ஒரே பிரச்சினைக்கு மாதக்கணக்கில் திரும்பிச் செல்ல அவருக்கு ஊதியமும் அவகாசமும் வேண்டும். மாநில மொழி ஏடுகளின் ஆற்றல் ஆய்வில் நிறுவப்பட்டிருக்கும் நிலையில், மாவட்ட நிருபர் பணியிடங்களைச் செலவுச் சுருக்கத்துக்குப் பலியிடுவது வணிகக் கணக்கோடு முடிவதில்லை; ஏழைகளின் உணவுப் பங்கீட்டையும் அது தொடும். ஆகவே புயலன்று எத்தனை பக்கம் எழுதியது என்பதைக் கொண்டு மட்டும் ஓர் ஏட்டை மதிப்பிடக் கூடாது. எந்தப் பேரிடரும் இல்லாத சாதாரண ஆண்டில், சத்துணவும் ரேஷனும் சுகாதார நிலையமும் எப்படி இயங்கின என்று அது தொடர்ந்து கேட்டதா என்பதே உரிய அளவுகோல்.